ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் அழகும் அவலட்சணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் வெளிவந்தது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெனீவாக்காரனான விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, பிணவறையிலும் கசாப்புக்கூடத்திலும் பொறுக்கியதை எல்லாம் ஒட்டவைத்து ஓர் உருவம் செய்து அதற்கு உயிர் கொடுக்கிறான். அது கண்ணைத் திறந்ததும் அதன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அது தானாகவே பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டு, போகிற இடமெல்லாம் விரட்டப்பட்டு, கடைசியில் படைத்தவனின் குடும்பத்தையே பழிவாங்குகிறது. முடிவு உட்பட எல்லாம் கீழே வரும், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர்தானே?

இல்லை, அது செய்தவனின் பெயர். செய்யப்பட்டவனுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது. பிள்ளைக்குப் பெயர் வைக்க அப்பன் வீட்டில் இருந்தால்தானே. 1823-ல் லண்டனில் இதை நாடகமாகப் போட்டபோது, விளம்பரத் தாளில் அந்தப் பாத்திரத்துக்கு நேராக வெறும் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அந்த உத்தி நன்றாகவே இருக்கிறது என்று நாடகத்தைப் பார்த்த மேரி ஷெல்லியே பாராட்டினார்.

மேலே ‘அது’ என்றீர்கள், இங்கே ‘செய்யப்பட்டவன்’ என்கிறீர்கள். எது சரி?

நல்ல கேள்வி. தமிழில் இந்த நாவலைப் பற்றி நாலு வரி எழுத உட்கார்ந்தால் முதல் வினைமுற்றிலேயே மாட்டிக்கொள்வோம்: ஓடினானா, ஓடியதா? உயர்திணையா அஃறிணையா என்று தீர்மானிக்காமல் நம் மொழியில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. அந்த நாவலில் இருக்கிற எல்லாரும் தீர்மானிக்கத் திணறுகிற விஷயமும் இதுவேதான். உயிர் வருகிற காட்சியில் விக்டர் முதலில் அஃறிணையில் ஆரம்பிக்கிறான், அது மூச்சு விட்டது, அதன் கைகால் துடித்தது என்று. அடுத்த பத்தியில், அங்க லட்சணங்களை வர்ணிக்கத் தொடங்கியதுமே தன்னை அறியாமல் ‘அவன்’ என்று மாறிவிடுகிறான். கதைச்சுருக்கத்தில் நானும் வேண்டுமென்றேதான் அஃறிணையில் எழுதிப் பார்த்தேன், எத்தனை பேருக்கு உறுத்துகிறது என்று. இனிமேல் ‘அவன்’தான்.

உண்மையிலேயே அவன் எவ்வளவு அசிங்கம்?

சினிமாவில் பார்த்த தட்டைத் தலையையும் கழுத்து போல்ட்டையும் மறந்துவிடுங்கள், அதெல்லாம் நாவலில் இல்லை. நாவலில் அவனுக்கு 8 அடி உயரம். சின்னச் சின்ன உறுப்புகளை இணைக்க நேரம் பிடிக்கிறது என்பதால் வேலை சுலபமாகட்டும் என்று விக்டர் பெரிதாகச் செய்துவிட்டான், அவ்வளவுதான் காரணம். பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பற்கள், அளவெடுத்த கைகால்கள். எல்லாமே அழகாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. கூடவே, உள்ளே இருக்கும் தசையும் நரம்பும் தெரிகிற அளவுக்கு மெல்லிய மஞ்சள் தோல், நீர் கோத்த வெளிறிய கண்கள், கறுத்த உதடுகள். தனித்தனியே அழகாக இருந்ததெல்லாம் சேர்ந்ததும் சகிக்க முடியாமல் போய்விடுகிறது.

ஆனால் இந்தப் பட்டியலைவிட அதற்கப்புறம் விக்டர் சொல்கிற ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடிவதற்கு முன்பே அவனைப் பார்த்திருக்கிறேன், அப்போதும் அசிங்கமாகத்தான் இருந்தான், ஆனால் தசையும் மூட்டும் அசைய ஆரம்பித்தபோதுதான் தாங்க முடியாததாகிவிட்டது என்கிறான். கிட்டத்தட்ட 2 வருடம் அதே உடம்போடு அதே அறையில் இருந்தவன் இவன். அப்போதெல்லாம் ஓடவில்லை. அது திரும்பித் தன்னைப் பார்த்ததும்தான் ஓடுகிறான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், இவனுக்குக் காக்கையின் மனசுகூட இல்லை.

நடுராத்திரி 8 அடி ஆள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றால் யாருக்கும்தான் பயம் வரும். விக்டரை மட்டும் குறை சொல்லலாமா?

பயந்ததற்குக் குறை சொல்லவில்லை. அந்த ராத்திரி செய்யப்பட்டவன் என்ன செய்தான் என்று பாருங்கள்: திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறான், என்னவோ உளறுகிறான், சிரிப்பது போல வாயை இழுக்கிறான், கையை நீட்டுகிறான். தொட்டிலில் கிடக்கிற குழந்தை செய்வதை எல்லாம்தான் செய்கிறான். நீட்டிய கை தன்னைப் பிடிக்க வந்தது என்று விக்டர் முடிவு கட்டிக்கொண்டு கீழே ஓடி, விடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறான்.

இது ஒரு ராத்திரியின் பயம் மட்டுமில்லை, அவனுடைய பழக்கமே இதுதான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் இரண்டு பேராசிரியர்களைப் பார்க்கிறான். கிரெம்ப் என்பவர் குள்ளம், கரகர குரல், பார்க்கச் சகிக்காத முகம், அதனால் அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தின் மேலும் எனக்குப் பிடிப்பு வரவில்லை என்று வெட்கமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறான். வால்ட்மேன் என்பவருக்குக் கருணை ததும்பும் முகமும் இனிமையான குரலும் இருந்ததால், அவருடைய ஒரே சொற்பொழிவில் மயங்கி வேதியியலில் விழுகிறான். முதல் வாசிப்பில் இந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். இரண்டாவது தடவைதான், பூதம் பிறப்பதற்கு முன்பே பிரச்சினை தொடங்கிவிட்டது என்று உறைத்தது.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று நாமே சொல்கிறோமே. அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் அப்படி நம்பினார்களா?

நம்பினார்கள், அதுவும் பழமொழியாக இல்லை, விஞ்ஞானமாக. சூரிச்சைச் சேர்ந்த லாவாட்டர் என்ற பாதிரியார் 1775-லிருந்து 1778 வரை முகலட்சணம் பற்றித் தடித்தடியான தொகுதிகளாக எழுதினார்: மூக்கையும் நெற்றியையும் தாடையையும் அளந்து ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று. ஐரோப்பா முழுக்க அது சக்கைப்போடு போட்டது.

மேரி ஷெல்லியின் வீட்டுக்குள்ளேயே இது நுழைந்திருந்தது. அவர் 1797 ஆகஸ்ட் 30-ல் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, அப்பா வில்லியம் காட்வின் தன் நண்பரான நிக்கல்சனை அழைத்துக் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பலன் சொல்லச் சொன்னார். ஜாதகத்துக்குப் பதில் முகலட்சணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அதற்குள் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். அவர் 1792-ல் பெண்ணுரிமை பற்றி எழுதிய புத்தகத்தில், அழகுதான் பெண்ணின் செங்கோல் என்று சின்ன வயதிலிருந்தே போதித்துப் பெண்ணின் மனதையும் உடம்புக்குள்ளேயே சுருக்கிவிடுகிறார்கள் என்று சாடியிருப்பார். தோற்றத்துக்குக் கிடைக்கிற மரியாதை எப்படிப்பட்ட கூண்டு என்று அம்மா எழுதினார், தோற்றத்தால் மரியாதையே கிடைக்காதவனைப் பற்றி மகள் எழுதினார்.

குருட்டுக் கிழவர் காட்சியை ஏன் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள்?

நாவலின் இதயமே அதுதான் என்பது என் கட்சி. காட்டோரம் ஒரு குடிசை: பார்வையில்லாத டி லேசி, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. குடிசையை ஒட்டிய கொட்டிலில் அவன் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியாக அவர்களைப் பார்க்கிறான். வறுமைப்பட்டவர்கள் என்று புரிந்ததும் அவர்களுடைய உணவைத் திருடுவதை நிறுத்திவிடுகிறான். ராத்திரியில் விறகு வெட்டி வாசலில் போடுகிறான், பாதையில் விழுந்த பனியை ஒதுக்குகிறான். யார் செய்வது என்று தெரியாமல் அவர்கள் ‘நல்ல ஆவி’ என்று வாழ்த்துகிறார்கள். முகம் தெரியாதவரை அவன் தெய்வம் மாதிரி.

ஒரு நாள் இளையவர்கள் உலாவப் போனதும், பார்வையில்லாதவர் தன்னை வெறுக்க வழியில்லை என்று கணக்குப் போட்டுக் கதவைத் தட்டுகிறான். பெரியவர் உட்காரவைக்கிறார். என்னை நேசிக்கக்கூடியவர்களைத் தேடி வந்திருக்கிறேன், ஆனால் ஒரு பொல்லாத தப்பெண்ணம் அவர்கள் கண்ணை மறைத்துவிடும், நல்ல நண்பனைப் பார்க்க வேண்டிய இடத்தில் பூதத்தைத்தான் பார்ப்பார்கள் என்கிறான். என்னால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை இருக்கிறது என்கிறார் பெரியவர். அந்த நாவலில் மனிதர் ஒருவர் அவனிடம் சொன்ன அன்பான வார்த்தை இது ஒன்றுதான்.

இளையவர்களின் காலடிச் சத்தம். பதறிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தேடி வந்தவர்கள் நீங்கள்தான், கைவிட்டுவிடாதீர்கள் என்கிறான். கதவு திறக்கிறது. அகதா மயங்கி விழுகிறாள், ஃபெலிக்ஸ் அவனை அப்பாவின் காலடியிலிருந்து பிய்த்துத் தரையில் தள்ளித் தடியால் வெளுக்கிறான். 8 அடி ஆள், நினைத்தால் சிங்கம் மானைக் கிழிப்பது போலக் கிழித்திருக்கலாம் என்று அவனே சொல்கிறான். திருப்பி அடிக்கவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. பெரியவர் பேச்சைக் கேட்டதும் முதலில் என்ன கேட்கிறார் தெரியுமா? உன் பேச்சைப் பார்த்தால் என் நாட்டுக்காரன் போலிருக்கிறது, நீ பிரெஞ்சுக்காரனா? அவர்களிடமிருந்தே ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழியாச்சே, பின்னே வேறு எப்படி இருக்கும். கண்ணுக்குப் பாரபட்சம் உண்டென்றால் காதுக்கும் கொஞ்சம் உண்டு, ‘நம்மாள்’ என்று காதில் விழுந்தால் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கும். மறுநாள் ஃபெலிக்ஸ் குடிசையைக் காலி செய்துகொண்டு போகும்போது அவர் தடுத்ததாகவும் நாவலில் இல்லை.

அவ்வளவு நல்ல குடும்பம் ஏன் அப்படி நடந்துகொண்டது?

கெட்டவர்கள் விரட்டியிருந்தால் கதையே இல்லையே. டி லேசி குடும்பம் பாரிசில் வசதியாக இருந்தவர்கள். துருக்கி வியாபாரி ஒருவருக்கு அங்கே மரண தண்டனை விதித்தார்கள், குற்றத்தைவிட அவர் மதமும் பணமுமே காரணம் என்று ஊருக்கே தெரிந்த அநியாயத் தீர்ப்பு. ஃபெலிக்ஸ் அவரைச் சிறையிலிருந்து தப்பவைத்தான், அதற்காகக் குடும்பமே சொத்தை இழந்து நாடு கடத்தப்பட்டது. ஆக, அடுத்தவன் மேல் காட்டிய தப்பெண்ணத்தை எதிர்த்துச் சகலத்தையும் தொலைத்த ஒருவன்தான் இங்கே தடியை எடுக்கிறான்.

அந்த வியாபாரியின் மகள் சாஃபி பிறகு அவர்களைத் தேடி வருகிறாள். வேற்று நாட்டவள், மொழி தெரியாது. ஆனால் முகத்திரையை விலக்கினால் தேவதை மாதிரி, நல்ல சிவப்பு வேறு. உடனே குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிடுகிறாள். ஃபெலிக்ஸ் அவளுக்கு மொழி கற்றுக்கொடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இவனும் அதே பாடத்தைக் கற்கிறான், அவளைவிட வேகமாகவே கற்றேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். ஒரே வாத்தியார், ஒரே பாடம், இவன்தான் கெட்டிக்கார மாணவன். அப்புறம் யாருக்கு வீடு கிடைத்தது, யாருக்கு அடி கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு இந்தப் பாகுபாடு தெரியாதல்லவா?

அவனும் அப்படித்தான் நினைத்தான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவனைப் பார்த்ததும், இவன் உலகத்துக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, அருவருப்பைக் கற்றிருக்க மாட்டான், எடுத்து வளர்த்தால் ஒரு துணை கிடைக்கும் என்று கையைப் பிடிக்கிறான். பையன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். நீ பூதம், என்னைத் தின்றுவிடுவாய், என் அப்பா யார் தெரியுமா, சிண்டிக் ஃபிராங்கன்ஸ்டைன் என்கிறான். சிண்டிக் என்றால் ஜெனீவா நகர நிர்வாகத்தில் உயர்ந்த பதவி. அந்த வயதுக்குள் முகத்தைப் பார்த்து வெறுக்கவும், அப்பா பதவியைக் காட்டி மிரட்டவும் இரண்டையும் கற்றாகிவிட்டது. அவன் விக்டரின் தம்பி வில்லியம். முதல் கொலை அங்கேதான் நடக்கிறது.

அழகாக இருந்தவர்களாவது நன்றாக இருந்தார்களா?

ஜஸ்டினைப் பாருங்கள். விக்டர் வீட்டில் வேலை செய்யும் பெண். வில்லியத்தின் கழுத்திலிருந்த ஓவியப் பதக்கம் அவள் சட்டைப்பையில் கிடைத்ததால் கொலைப்பழி அவள் மேல் விழுகிறது. நீதிமன்றத்தில் அவள் என்றைக்கும் இல்லாத அழகோடு நிற்கிறாள், ஆனால் கூட்டத்தின் கண்ணில் அது படவில்லை. அவள் செய்ததாக நினைத்த காரியத்தின் கொடூரம் அழகை அழித்துவிட்டது என்று எழுதுகிறார் மேரி ஷெல்லி. முகத்தை வைத்துக் குணத்தைக் கற்பனை செய்வார்கள், சில நேரம் குணத்தைக் கற்பனை செய்துவிட்டு அதையே முகத்தில் பூசுவார்கள். சிறையில் பாதிரியார் நரகத்தைக் காட்டி மிரட்ட மிரட்ட, அவர் சொன்ன பூதம் நான்தானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். தூக்கில் போடுகிறார்கள். ‘பூதம்’ என்பது ஒரு தோற்றம் இல்லை, பலம் உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒட்டுகிற பட்டம் என்பதை எட்டடிக்காரனைவிட இந்தப் பெண்தான் எனக்குப் புரியவைத்தாள்.

அழகை இவ்வளவு விமர்சிக்கிற ஆசிரியர், எலிசபெத்தை மட்டும் ஏன் பொன்முடிப் பேரழகியாக வைத்தார்?

இதில் மேரி ஷெல்லியை முழுசாகக் காப்பாற்ற முடியாது. 1818 பதிப்பில் எலிசபெத் விக்டரின் அத்தை மகள், சொந்தக்காரி என்பதால் வீட்டுக்கு வருகிறாள். 1831-ல் திருத்தி வெளியிட்டபோது கதையை மாற்றிவிட்டார்: விக்டரின் அம்மா இத்தாலியில் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் 5 பசித்த குழந்தைகளைப் பார்க்கிறாள். 4 பேர் கருவிழியும் முரட்டு உடம்புமான நாடோடிக் குழந்தைகள் மாதிரி. ஒருத்தி மட்டும் மெலிந்து, வெளுத்து, தங்க முடியோடு இருக்கிறாள். அந்த ஒருத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். விசாரித்தால் அவள் பிரபுவின் மகளாம்! அப்போ முகத்திலேயே குலம் தெரிகிறது என்று லாவாட்டர் சொன்னதே சரியாகிவிட்டதே?

இதை ஆசிரியரின் சறுக்கல் என்றும் படிக்கலாம். அழகைப் பார்த்துத் தத்தெடுக்கிற தாய்க்கு, அழகில்லை என்று கைவிடுகிற மகன் பிறந்தான் என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் முதலாவதையும் மறுக்க முடியவில்லை. அந்த 4 குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று நாவல் அதற்கப்புறம் சொல்வதேயில்லை.

அவனும் அழகைத்தானே ரசிக்கிறான்?

ஆமாம், அதுதான் கொடுமை. குடிசைக்காரர்களின் அழகில் சொக்கிக் கிடந்தவன் குட்டைத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து அதிர்கிறான், முதலில் அது தான்தான் என்றே நம்ப முடியவில்லை. அவர்களுடைய கண்ணைக் கடன் வாங்கித் தன்னையே வெறுக்கக் கற்றுக்கொள்கிறான். பிறகு, என்னைப் போலவே அவலட்சணமான ஒரு பெண்ணைச் செய்து கொடு என்று விக்டரிடம் கேட்கிறான். செய்யத் தொடங்கிய விக்டர், அவள்கூட இவனைப் பார்த்து அருவருத்து மனித ஆண்களின் அழகைத் தேடிப் போனால் என்ன செய்வது என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டு பாதியில் பிய்த்துப் போட்டுவிடுகிறான்.

மஞ்சள் தோல் என்பதில் இனவெறி இருக்கிறதா?

ஆய்வாளர்கள் நிறையப் பேர் அப்படிப் படித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தோல் நிறத்தைவிட நாவலின் தொடக்கத்தில் ஓர் இடம் வலுவான சாட்சி. வடதுருவக் கப்பலில் இருக்கும் வால்டன் (இவன் எழுதும் கடிதங்களோடுதான் நாவல் தொடங்குகிறது) பனிவெளியில் முதலில் ஒரு ராட்சத உருவத்தைப் பார்க்கிறான். மறுநாள் விக்டரைக் கண்டெடுக்கும்போது, இவன் அவனைப் போல ஏதோ தீவின் காட்டுமிராண்டி இல்லை, ஐரோப்பியன் என்று நிம்மதியாக எழுதுகிறான். இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

நிஜ அரசியலிலும் இது நடந்தது. 1824 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை முறை பற்றிய விவாதத்தில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங், அடிமைகளை அவசரப்பட்டு விடுவிப்பது அண்மையில் வந்த ஒரு கதையில் வருகிற பூதத்தை உருவாக்குவது போலாகும் என்று பேசினார். கைவிடப்பட்டவனின் பக்கம் நின்று எழுதிய நாவல் 6 வருடம் கழிந்ததுமே, கைவிடுவதற்கான வாதமாகப் பயன்பட்டுவிட்டது.

படம் பார்த்தால் போதாதா?

1931 படத்தில் போரிஸ் கார்லாஃபின் நடிப்பு அருமை. ஆனால் அதில் அவனுக்குப் பேச்சே கிடையாது, தலைக்குள் தவறுதலாக ஒரு குற்றவாளியின் மூளை போய்விட்டது என்றும் வைத்துவிட்டார்கள். நாவலில் அவன் நல்லவனாகத் தொடங்கி நம்மால் கெட்டவன் ஆகிறான், படத்தில் மூளையே கோளாறு, ஊர்க்காரர்கள் தப்பித்தார்கள்.

வேறு ஒரு சிக்கலும் உண்டு. படத்தில் அவனைப் பார்த்துக்கொண்டே கேட்கிறோம், புத்தகத்தில் கேட்க மட்டும்தான் முடியும். ஆல்ப்ஸ் பனியாற்றின் மேல் விக்டரைச் சந்திக்கும்போது, என் கண் முன்னால் நிற்காதே என்று விக்டர் கத்துகிறான். உடனே அவன் தன் கையால் விக்டரின் கண்ணைப் பொத்தி, இப்போது நான் தெரியமாட்டேன், இனி நான் சொல்வதைக் கேட்கலாமே என்கிறான். படிக்கிறவர்களுக்கும் மேரி ஷெல்லி இதையேதான் செய்கிறார். டி லேசி உட்கார்ந்திருந்த நாற்காலியில் நம்மை உட்காரவைக்கிறார்.

கொலைகாரனுக்கு இவ்வளவு வக்காலத்தா?

இல்லை. சிறுவன் வில்லியம், விக்டரின் நண்பன் கிளெர்வல், கல்யாண ராத்திரியில் எலிசபெத் என்று மூன்று பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் அவன். தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டினின் உடையில் பதக்கத்தை வைத்தவனும் அவன்தான், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் நல்லவனாகத்தான் இருந்தேன், துயரம்தான் என்னைப் பேயாக்கியது என்று அவன் சொல்வதை நம்புகிறேன், அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்தப் பதிப்பு, எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் தடவைக்கு 1818, எலிசபெத் விஷயத்தை ஒப்பிட வேண்டுமென்றால் 1831. வால்டனின் கடிதங்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் இழுக்கும், தாண்டிப் போகாதீர்கள். அவனே பேசுகிற பகுதி 1831 பதிப்பில் 11-லிருந்து 16 வரையிலான அத்தியாயங்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில ஒலிப்புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த 6 அத்தியாயங்களை மட்டுமாவது விளக்கை அணைத்துவிட்டுக் காதில் கேட்டுப் பாருங்கள், அட்டைப்படத்தில் பச்சை மூஞ்சி போட்டிருந்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு.